ஓட்ஸ் குக்கீ ஒரு தடவை பரவுகிறது, ஒரு தடவை உருண்டையாகவே நிற்கிறது: எங்கே பிசகுகிறது?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். வீட்டில் ஓட்ஸ் குக்கீ செய்தால் ஒருமுறை தட்டு முழுக்கப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை, வைத்த உருண்டை அப்படியே நிற்கிறது. எப்படி வந்தாலும் மறுநாள் கடிக்க முடியவில்லை. செய்முறையும் ஒன்று, கப் அளவும் ஒன்று. 28 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அவன்), சாதாரண பாக்கெட் ஓட்ஸ், முட்டை சேர்ப்போம். எங்கே தப்பு?

பதில்:

செய்முறை மாறாமல் பலன் மட்டும் மாறுகிறது என்றால் முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். வெண்ணெய் எவ்வளவு இளகியிருந்தது? ஓட்ஸ் எந்த வகை? மைதாவை எப்படி அளந்தீர்கள்? மூன்றும் கடைசியில் ஒரே கணக்கில்தான் போய் முடியும்: உருண்டை ஓடிஜிக்குள் போகும் நேரத்தில் கலவையின் ஈரம் எங்கே இருக்கிறது என்பது. மைதா ஈரத்தை உடனே பிடித்துக்கொள்ளும். ஓட்ஸ் அப்படியில்லை, மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த கையோடு சுட்டால் ஈரம் ஓட்ஸுக்கு வெளியே சர்க்கரையோடு பாகாக நிற்கும். சூடு பட்டதும் உருகின வெண்ணெயோடு சேர்ந்து ஓடும். ஒரு மணி நேரம் கழித்துச் சுட்டால் அதே ஈரம் ஓட்ஸுக்குள் போயிருக்கும், உருண்டை அசையாது. ஒரே கலவையில் முதல் தட்டு பரவி, மூன்றாவது தட்டு குண்டாக வருவதும் பாதி இதனால்தான்.

அதனால் கப்பை ஒதுக்கிவிட்டு எடைக்கு மாறுங்கள். மைதா பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரை போகும். ஸ்பூனால் தளர்வாகப் போட்டுத் தலை தட்டினால் 120 முதல் 125 கிராம்தான். முக்கால் கப்பில் இந்த வித்தியாசம் சுமார் 20 கிராம். பரவுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்க அது போதும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

35 கிராம் உருண்டைகளாக 17 அல்லது 18 குக்கீக்கான அளவு:

உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம்
நாட்டுச் சர்க்கரை அல்லது ப்ரவுன் சுகர் 110 கிராம்
வெள்ளைச் சர்க்கரை 40 கிராம்
முட்டை 1 (ஓடு நீக்கி 45 முதல் 50 கிராம்)
வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன்
மைதா 100 கிராம்
ஆப்ப சோடா அரை டீஸ்பூன், தலை தட்டியது
பட்டைப் பொடி அரை டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
ரோல்டு ஓட்ஸ் 135 கிராம்
உலர் திராட்சை 75 கிராம்

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் உப்புப் போட்டது. அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு வேண்டாம்.

இனி ஓட்ஸ். உங்கள் இரண்டாவது கோளாறுக்கு, அதாவது பரவாமல் நிற்பதற்கு, 'சாதாரண பாக்கெட் ஓட்ஸ்'தான் காரணம் என்று நினைக்கிறேன். நம் மளிகைக் கடைகளில் அதிகம் விற்பது சீக்கிரம் வேகும் வகை. இது மெல்லியதாகத் தட்டி, சிறிதாக நறுக்கியது. பாக்கெட்டின் பின்னால் வேகும் நேரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் இந்த வகை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போட்டிருந்து, உள்ளே முழு அவல் போலத் தடித்த இதழ்கள் இருந்தால் ரோல்டு ஓட்ஸ். மெல்லிய ஓட்ஸ் வேகமாகவும் நிறையவும் ஈரத்தைக் குடிக்கும், கலவை சீக்கிரம் இறுகிவிடும், கடித்தால் தனித்தனி இதழ் தெரியாது. வேறு ஓட்ஸ் கிடைக்கவில்லை என்றால் 135-ஐ 120 கிராமாகக் குறைத்து, பின்னால் சொல்லும் 45 நிமிட ஃப்ரிட்ஜ் நேரத்தையும் 20 நிமிடமாகக் குறையுங்கள். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டாமல், தானியத்தை அப்படியே நறுக்கியது) இதற்கு ஆகாது. குக்கீ சுடும் பன்னிரண்டு நிமிடத்தில் அது வேகாது, பல்லில் கல்லாகத்தான் தட்டுப்படும். மசாலா ஓட்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாக்கெட் பிரித்து நாளாகியிருந்தால் ஒரு சிட்டிகை ஓட்ஸைப் பச்சையாக வாயில் போட்டுப் பாருங்கள். மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், கிட்டத்தட்ட 7 சதவீதம். அந்தக் கொழுப்பைக் கெடுக்கும் நொதியை முடக்கத்தான் ஆலையில் ஆவியில் வேகவைத்துப் பிறகு தட்டுகிறார்கள். ஆனாலும் வெயிலில், திறந்த பாக்கெட்டில் காறல் வந்துவிடும். நாக்கின் அடியில் கசப்பு தெரிந்தால் அந்த ஓட்ஸை குக்கீக்குப் போடாதீர்கள். வெண்ணெயும் பட்டையும் அதை மறைக்காது.

நேரம் இருந்தால் ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். ஓரம் லேசாக நிறம் மாறி, வறுத்த கடலை வாசனை எழும்போது இறக்கிவிடலாம். இந்த ஒரு வேலை வெனிலாவைவிட ருசிக்கு அதிகம் செய்யும். ஆனால் முழுக்க ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும். வறுத்ததில் ஈரம் போயிருப்பதால் முட்டையோடு ஒரு டீஸ்பூன் பால் கூடுதலாக ஊற்றுங்கள்.

ஓட்ஸ் மைதாவைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்து மைதாவைக் கூட்டிவிடுகிறார்கள். அது பழைய பாணி. 1896-ல் பாஸ்டனில் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட ஓட்ஸ் குக்கீ செய்முறையில் இரண்டு கப் மாவுக்கு அரை கப் ஓட்ஸ் பொடிதான், உலர் திராட்சை கிடையாது. இன்று அமெரிக்காவில் ஓட்மீல் குக்கீ என்றால் நினைவுக்கு வரும் மெத்தென்ற, இழுத்துக் கடிக்கும் வகை அதற்குத் தலைகீழ். க்வேக்கர் நிறுவனத்தின் ஓட்ஸ் டப்பாவில் அச்சாகும் செய்முறையில் ஒன்றரை கப் மாவுக்கு மூன்று கப் ஓட்ஸ். மேலே உள்ள அளவும் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறது. மாவைக் கூட்டினால் பிஸ்கட் கிடைக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டது அது அல்ல.

பரவி ஒட்டிக்கொண்டதற்கு வெண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். 'அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்' என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் அறை 20 டிகிரி அறை. மதுரைச் சமையலறை சித்திரையில் 34 டிகிரியைத் தாண்டும், வெண்ணெய் உருகுவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி வைத்தால் கோடையில் பத்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் உள்ளே அமிழக் கூடாது. மேலே பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் இளகியது அதிகம். பாத்திரத்தோடு ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

சர்க்கரையை இனிப்பாக மட்டும் நினைத்துக் குறைக்காதீர்கள். உருகி ஓடுவதும், ஓரம் மொறுமொறுப்பதும், நடு மெத்தென்று இருப்பதும் அதன் வேலை. மொத்தம் 150 கிராமை 120 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் குக்கீ பரவாது, மறுநாள் காய்ந்தும் போகும். வெள்ளைச் சர்க்கரை ஓரத்துக்கு மொறுமொறுப்பைத் தரும், ப்ரவுன் சுகர் ஈரத்தைப் பிடித்து வைக்கும். டெமராரா என்று பெரிய பரலாக விற்பது ப்ரவுன் சுகருக்குச் சமம் இல்லை. அது கரையாமல் நறநறக்கும். அதைவிட நம் நாட்டுச் சர்க்கரை எவ்வளவோ மேல், சலித்துக் கட்டி உடைத்துவிட்டால் போதும். அதில் இருக்கும் லேசான புளிப்புத்தன்மைதான் ஆப்ப சோடாவை வேலை செய்ய வைக்கிறது. வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் சோடாவுக்கு அந்தத் துணை கிடைக்காமல் சோப்பு வாடை தங்கிவிடும். அப்போது சோடாவை ஒரு சிட்டிகையாக்கி, முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேருங்கள். நம் ஊர் வெள்ளைச் சர்க்கரையும் பரல் பெரியது, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள். மாவாக அரைக்க வேண்டாம்.

உலர் திராட்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். காய்ந்த திராட்சையை அப்படியே போட்டால் அது பக்கத்தில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் குக்கீ இறுகுவதில் இதற்கும் பங்கு உண்டு.

கலக்கும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெண்ணெய், இரண்டு சர்க்கரை, உப்பு இவற்றை பீட்டரில் நடு வேகத்தில் இரண்டு நிமிடம், அல்லது மரக்கரண்டியால் நாலைந்து நிமிடம் அடியுங்கள். நிறம் கொஞ்சம் வெளுத்ததும் நிறுத்திவிடுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் பொங்கப் பொங்க அடித்தால் காற்று ஏறி, அவனில் உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கித் தட்டையாகும். முட்டை, வெனிலா சேர்த்து அரை நிமிடம். கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் கவலை வேண்டாம், மாவு போட்டதும் சேர்ந்துவிடும். மைதா, சோடா, பட்டையைச் சேர்த்துச் சலித்துப் போட்டு, வெள்ளைக் கோடு மறையும்வரை மட்டும் கலந்து, கடைசியாக ஓட்ஸும் திராட்சையும். இந்த இடத்தில் பீட்டரை வைத்துவிட்டுக் கரண்டியை எடுங்கள். ஓட்ஸ் இதழ்கள் உடைந்து மாவானால் மெல்லிய ஓட்ஸ் வாங்கியதற்குச் சமம். பதம் கேழ்வரகு அடை மாவைவிடச் சற்று இளக்கமாக, கையில் லேசாக ஒட்டும்படி இருக்கும்.

மூடி ஃப்ரிட்ஜில் 45 நிமிடம். இதைத் தவிர்க்காதீர்கள். வெண்ணெய் இறுகுவதும் ஓட்ஸ் ஈரம் குடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அதே 45 நிமிடமாக இருப்பது. ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் நீங்கள் சொன்ன குழப்பம்தான் வரும். இரவு முழுக்க வைப்பதானால் சுடுவதற்கு முன் பத்து நிமிடம் வெளியே வைத்து, உருண்டைகளை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிடுங்கள். அவை தானாகப் பரவாது.

ஓடிஜியை 175 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. கதவைத் திறந்த உடனே வெப்பம் இறங்கும், உருண்டை வேகாமல் உருகி ஓடும். ஓடிஜி திருகு காட்டும் டிகிரி உண்மையான சூட்டிலிருந்து 15, 20 டிகிரி தள்ளி இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் சிறிய அவன் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகம் தீரும்.

தட்டில் பேக்கிங் பேப்பர் போடுங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், புகையும். தட்டில் வெண்ணெய் தடவுவதும் வேண்டாம், வழுக்கிக்கொண்டு இன்னும் பரவும். 28 லிட்டர் ஓடிஜித் தட்டில் ஒரு நேரத்தில் ஆறு முதல் எட்டு குக்கீ, இடையில் ஐந்து சென்டிமீட்டர் விட்டு. வெளியே துருத்தும் திராட்சையை உருண்டைக்குள் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுதான் முதலில் கருகிக் கசக்கும். நடுத்தட்டில் 11 முதல் 13 நிமிடம். எட்டாவது நிமிடத்தில் தட்டை ஒருமுறை திருப்பி வையுங்கள், ஏனென்றால் ஓடிஜியின் பின்பக்கம் எப்போதும் கூடுதல் சூடு.

இப்போது மறுநாள் கல்லாவது. இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டு, மூன்று நிமிடம் அதிகம் வைப்பதுதான். நடுப்பகுதி வெந்தது போலத் தெரியும்வரை காத்திருந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். எடுக்க வேண்டிய நேரத்தில் குக்கீயின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குப் பொன்னிறமாகி நிற்கும். நடு வெளிறி, கொஞ்சம் உப்பி, வெடிப்புகளுக்குள் ஈரப் பளபளப்போடு பச்சையாகவே தெரியும். தொட்டால் குழி விழும். பயப்படாமல் எடுத்துத் தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள், தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். அதற்குள் எடுத்தால் உடையும். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் அடி காய்ந்து இறுகும். பிறகு கம்பி ராக்குக்கு மாற்றுங்கள். அடி மட்டும் கருகுகிறதென்றால் தட்டு கறுப்பு நான்ஸ்டிக்காக இருக்கும், அல்லது கீழ்க்கம்பிக்கு மிக அருகில் இருக்கும். அடியில் இன்னொரு தட்டு வைத்து, சூட்டை 10 டிகிரி குறையுங்கள். அடுத்த சுற்றுக்குத் தட்டைக் குழாயடியில் காட்டி ஆறவைத்துத் துடைத்த பிறகே உருண்டைகளை வையுங்கள். சூடான தட்டில் வைத்தால் அவனுக்குள் போவதற்கு முன்பே வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும் சுடுவதற்கு முன் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். 35 கிராம் உருண்டை ஏழு, எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்தால் சரி. பத்தைத் தொட்டால் மீதிக் கலவையில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா கலந்து, இன்னும் கால் மணி நேரம் குளிரவையுங்கள். ஆறிலேயே நின்றுவிட்டால் இரண்டு டீஸ்பூன் பால் தெளித்துப் புரட்டி, உருண்டைகளைக் கையால் தட்டிவிடுங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஓட்ஸ் மாறும், முட்டையும் மாறும். அதை எடைத் தராசு சொல்லாது, இந்த ஒற்றை உருண்டைதான் சொல்லும். கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரமோ முட்டையோ போதவில்லை. கேக் போலப் பஞ்சாக இருந்தால் சோடா அதிகம், அல்லது முட்டை பெரியது. உப்பவே இல்லை என்றால் சோடா பழையது. கால் டீஸ்பூன் சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டதும் சீறிப் பொங்க வேண்டும்.

மாற்றிச் செய்ய விரும்பினால் சில கணக்குகள். முட்டை வேண்டாதவர்கள் ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொழகொழப்பானதும் சேர்க்கலாம். பால் மட்டும் ஊற்றினால் ருசி வரும், பிடிப்பு வராது. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு என்றால் 90 கிராம் போதும், தவிடு அதிகம் ஈரம் குடிக்கும். ஓட்ஸோடு சேரும்போது கோதுமையின் ருசி மைதாவைவிட நன்றாகவே இருக்கும். நெய்யில் செய்ய வேண்டுமென்றால் 115 கிராமை அப்படியே மாற்றாதீர்கள். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. 90 கிராம் உறைந்த நெய்யும் ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் எடுத்தால் கணக்குச் சரியாகும். ஆனால் மணல் மணலாக உதிரும் வகைதான் வரும், மெத்தென்ற வகை அல்ல.

மைக்ரோவேவ் கன்வெக்‌ஷனில் விசிறி ஓடுவதால் 160 டிகிரி, உயரம் குறைந்த ஸ்டாண்டில். குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் மேலிருந்து சூடு இல்லாததால் மேல்பக்கம் நிறம் மாறாது. காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்புப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, நடுத்தர தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, 25 கிராம் உருண்டைகளைத் தட்டி வைத்து, சிறு தீயில் 15 முதல் 18 நிமிடம் விடுங்கள். நல்ல குக்கரை இதற்குப் பலி கொடுக்காமல் பழையதைப் பயன்படுத்துங்கள்.

ஓட்ஸ் இருப்பதால் இது பத்தியப் பண்டம் ஆகிவிடாது. மேலே உள்ள அளவில் ஒரு குக்கீ சுமார் 140 கலோரி, அதில் எட்டு கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு 'ஓட்ஸ்தானே' என்று நாலு கொடுப்பது நியாயம் இல்லை. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மைதாவை மாற்றினால் மட்டும் போதாது. கோதுமை ஓடும் அதே ஆலைகளில் தயாராவதால் சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்துவிடுவது உண்டு, அதற்கென்று சான்று பெற்ற பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து நமத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும். நமத்துப்போனதை 150 டிகிரியில் நாலு நிமிடம் காட்டினால் ஓரம் மீண்டும் மொறுமொறுப்பாகும். இறுகிப்போனதற்கு எதிர் வைத்தியம்: டப்பாவுக்குள் ஒரு துண்டு பிரெட் போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள், பிரெட் காய்ந்து குக்கீ இளகும். மொத்தமாகச் சுட்டு அடுக்குவதைவிட, உருண்டைகளைத் தட்டி ஃப்ரீசரில் தட்டோடு உறையவைத்துப் பிறகு கவரில் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு மாதம் தாங்கும். வேண்டியபோது நாலு உருண்டையை உருக விடாமல் அப்படியே 170 டிகிரியில் 14 அல்லது 15 நிமிடம் சுட்டுக்கொள்ளலாம்.